மேல் பீலிக்குப் போகும் பாதை

"...வேணாம் மாத்தயா, குடிச்சிராதீங்க. எங்களுக்கே வாயில வைக்க முடியல" என்று தமிழும் கடைச் சிங்களமும் கலந்து சொல்லி, ஆமிக்காரன் உதட்டுக்குக் கொண்டுபோன கோப்பையைப் பெரியம்மா கையால் மறித்துவிட்டார்.

பெரியம்மா என்றால் சொந்தமில்லை. பக்கத்து வீடான காம்பராவில் இருந்தவர், கொழுந்து பறிப்பவர், எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லோருக்குமே பெரியம்மா. அன்று சோதனைக்கு வந்த ஆமிக்காரர்களில் ஒருவன் அவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். தண்ணீர் கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது, கேட்டது யாராக இருந்தாலும் சரிதான். வயிற்றுப் பிள்ளைக்காரியான அவர் மருமகள் செம்பிலிருந்து கோப்பையில் ஊற்றி நீட்டினாள்.

புசல்லாவை ரோட்டுக்கு மேலே, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு ஊற்று இறங்கும் மேட்டில், யுத்த காலத்தில் ஆமி முகாம் போட்டிருந்தார்கள். லொறிகளை அங்கேதான் கழுவினார்கள். கழிவு எண்ணெயையும் என்னென்னவோ மருந்துகளையும் குழி வெட்டி ஊற்றினார்கள். அது எங்களுக்குப் புரிய வெகுநாள் ஆனது. ஏனென்றால் முகாமிலிருந்து வீசிய வெற்றுப் பீப்பாய்களை நாங்களே போட்டி போட்டுத் தூக்கிவந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்தோம். மூடியோடு பீப்பாய் கிடைத்தவர் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார். தண்ணீரில் வாடை வந்தபோது, பீப்பாயின் குற்றம் என்று எல்லாவற்றையும் பள்ளத்தில் உருட்டிவிட்டோம். பிறகு பீலியில் நேராகக் கையேந்திக் குடித்தாலும் அதே வாடை. தண்ணீர் ஓடும் வழியில் போட்டிருந்த போஞ்சிக்காய்ப் பாத்தி கருகியது. அந்த மண்ணைக் கிள்ளினால் விரலில் பிசுக்கு ஒட்டியது.

"தேயில போடாமலே சாயம் வருது, சீனி மட்டும் போட்டாப் போதும்" என்று பெரியம்மாவின் மகன் சிரிப்பான். மனைவிக்கு முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போன பிறகு அந்தக் கேலியை அவன் சொல்லவில்லை. தண்ணீரால்தான் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. இல்லையென்று சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மலையின் அந்தப் பக்கம் மேல் பீலி இருந்தது. நல்ல தண்ணீர். ஆனால் பாதை முகாமின் காவலரணை ஒட்டிப் போனதால் எங்களை விடமாட்டார்கள். போய்க் கேட்கலாம்தான். முகாமுக்குப் பக்கத்தில் தண்ணீர் நஞ்சாகிவிட்டது என்று ஒரு தமிழ் வாய் சொன்னால், நஞ்சைப் போட்டது யார் என்றுதான் அடுத்த கேள்வி வரும். "மூக்கு இருக்குன்னு காட்டிக்காதீங்கப்பா, புடிச்சிட்டுப் போயிருவான்" என்று கங்காணி சொன்னது பாதி கேலி, பாதி புத்திமதி. பெரியம்மாவுக்கு ஒரே மகன். மருமகள் வயிற்றில் இருப்பது தங்க வேண்டும், மகனும் வீட்டில் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார், அன்று அந்தக் கோப்பையை மறிக்கும் வரைக்கும்.

"ஏன், நஞ்சா?" என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான். மகனை ஏற்கெனவே சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள்.

"மோந்து பாருங்க மாத்தயா" என்றார் பெரியம்மா. "ஒங்க மேட்டுலருந்துதான் வருது. எம் மருமக இதத்தான் குடிக்கிறா."

அவன் மோந்தான். மேட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மருமகளின் வயிற்றைப் பார்த்தான்.

பெரியம்மா அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கி, தண்ணீரை வாசலோரச் சாக்கடைக் கானில் ஊற்றினார். வெறுங்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், காவலரண் பக்கம் போகும் மேல் பீலிப் பாதையில் ஏறத் தொடங்கினார்.