இறக்கம் பார்த்து நிறுத்திய ஜீப்

வீட்டுக்காரர் இந்த ஜீப்பை வாங்கியபோதே நான் வேண்டாம் என்றேன். தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பெட்ரோல் வண்டி எதற்கு? ஆசை யாரை விட்டது. அவருக்கு அப்போது ஆசை, எனக்கு இப்போது வேலை. சிறுநீரகம் இரண்டும் அவரைக் கைவிட்டபிறகு, வாரத்தில் இரண்டு நாள் கண்டி பெரியாஸ்பத்திரிக்கு டயலிசிஸுக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவது நானும் ஜீப்பும்தான். ஒரு தவணை தவறினாலும் கால் வீங்கும், மூச்சு வாங்கும், படுக்க முடியாமல் கதிரையிலேயே விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அதனால் வண்டி ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்பது எங்கள் வீட்டில் சாதாரணக் கேள்வி இல்லை.

வீடு கம்பளைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே இருக்கிறது. மழை பெய்தால் த்ரீவீல்காரர்கள் சந்தியிலேயே கையை விரித்துவிடுவார்கள். ஜீப்பை விற்று நல்லதாக ஒன்று வாங்கலாம் என்றால், இன்று வண்டி விற்கும் விலையில் அந்தப் பேச்சே வீண்.

ஜீப்பின் வியாதி இதுதான். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பற்றாது. என்றைக்காவது நல்ல புத்தி வந்தால் பற்றும். ஆனால் இறக்கத்தில் உருட்டி, கியரைப் போட்டு கிளச்சை விட்டால் முதல் உலுக்கலிலேயே உறுமிக்கொண்டு எழும். மலைநாட்டில் இதெல்லாம் ஒரு குறையே இல்லை. இங்கே பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் நிறுத்தும்போதே மூக்கு கீழே பார்க்கிற மாதிரி நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அடை கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நாங்களும் அப்படித்தான். காலையில் நான் ஏறி உட்காருவேன், அவர் கல்லைக் காலால் தள்ளிவிடுவார், ஜீப் உருண்டு வளைவுக்குள் உயிர் பெறும். ஓடுகிற இன்ஜினோடு நான் கீழே காத்திருக்க, அவர் நின்று நின்று நடந்து வந்து ஏறுவார். அந்தக் கொஞ்ச தூரத்துக்கே அவருக்கு இளைக்கும். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒவ்வொரு முறையும் எனக்குச் சலிப்பாகவும் பாவமாகவும் இருக்கும்.

கம்பளையில் எங்களுக்கு வழமையான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். முஸ்லிம் ஆள், நாங்கள் நானா என்போம், பள்ளிக்கூடத்தில் படிப்பித்த என்னை அவர் டீச்சர் என்பார். பிளக்குக்குப் பொறி தரும் கொயிலை மாற்றினார். கண்டென்சரை மாற்றினார். பிளக்குகள், பிளக் வயர்கள் எல்லாமே புதுசு. ஒவ்வொரு தடவையும் அவர் கராஜ் வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் சரிவில் ஜீப் உருண்டது, உறுமியது. "இப்ப எல்லாம் சரியா ஈக்கி டீச்சர், தைரியமா கொண்டு போங்க" என்று நானாவும் கையைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் சாவியைத் திருப்பினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

நான் அலுத்துப்போனேன். "இறக்கம் இருக்கிற வரைக்கும் வண்டி ஓடும். விடுங்க" என்றேன். வீட்டுக்காரர் விடவில்லை.

"சாவியப் போட்டா ஸ்டார்ட் ஆகணும். அதுக்குப் பேருதான் வண்டி" என்றார்.

உப்புக்குக் கணக்கு, தண்ணீருக்குக் கணக்கு, ஆனால் ஜீப்பைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் கணக்கே இல்லை. நோயாளிக்குப் பொழுது போகவேண்டுமே என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

கண்டியில் ஆஸ்பத்திரிக்குச் சற்றுத் தள்ளி ஓர் இறக்கம் பார்த்து வைத்திருந்தோம். ஒரு மழைநாளில் அங்கே ஓர் அங்குலம்கூட இடமில்லை. அவரால் நடக்கவும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, சமதரையில் நிறுத்தினேன். டயலிசிஸ் முடிந்து வாடிய கீரை மாதிரி அவர் வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன். சுற்றியது, சுற்றியது, பட்டரி இறங்கி முனகத் தொடங்கியது. பின்னால் வந்த வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. காவலாளி குடையோடு வந்து பார்த்து, "தல்லு கரமு மிஸ்" என்று சிங்களத்தில் சொல்லி, தள்ளுவதற்கு இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஜீப் நகரத் தொடங்கியபோது பக்கத்து இருக்கையைப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். பின்னால் போய், ஊசி குத்திய கட்டோடு இருக்கிற கையை வைத்து அவரும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? கைய எடுங்க!" என்று கத்தினேன். மழையில் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். இன்ஜின் பற்றிக்கொண்டது. அவர் வந்து ஏறியபோது கையில் போட்டிருந்த கட்டில் ரத்தம் கசிந்திருந்தது.

அடுத்த நாள் வீட்டில் என்னைத் திறந்து வைத்த பானட்டுக்குக் கீழே நிற்க வைத்தார். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, இன்ஜின் இரும்பில் படும்படி வைக்கச் சொன்னார். கரண்ட் அடிக்கும் என்ற பயத்தில் வயரைப் பழைய ரப்பர் செருப்பால் அமுக்கிப் பிடித்தேன். அவர் ட்ரைவர் இருக்கையில் ஏறினார். நோய் வந்தபிறகு அங்கே உட்கார்ந்ததே இல்லை.

"பொறி வருதா?"

"வரல்ல."

இன்ஜின் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் சாவியை விட்டார். அந்தக் கணத்தில் பிளக் நுனியில் நீலமாக ஒன்று சொடுக்கியது.

"இப்ப வந்துச்சு! நீங்க விட்ட பிறகுதான் வந்துச்சு."

மறுபடி செய்தோம். மறுபடியும் அதே. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். கொயிலிலும் இல்லை, கண்டென்சரிலும் இல்லை, கோளாறு சாவி நுழைகிற ஸ்விட்சில் இருந்தது. ஸ்டார்ட் பண்ணச் சாவியை முழுக்கத் திருப்பிப் பிடித்திருக்கும்போது கொயிலுக்கு வரவேண்டிய கரண்ட் அறுந்துபோகிறது. கையை விட்டதும் திரும்ப வருகிறது. உருட்டி எடுக்கும்போது சாவியை அவ்வளவு தூரம் திருப்பவேண்டியதே இல்லை. அதனால் இறக்கத்தில் என்றைக்கும் குறை தெரியவில்லை. சமதரைக்காரன் வீட்டு வண்டியாக இருந்தால் முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும்.

நானாவிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "நானும் இந்த மலையில பொறந்தவன்தானே டீச்சர். இறக்கம் ஈக்கக்குள்ள யாரு சாவிய நம்பினா?" என்றார். என்னால் கோபப்பட முடியவில்லை. நாங்கள் மட்டும் நம்பினோமா என்ன? புது ஸ்விட்ச் போட, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் ஆனது.

வீட்டுக்கு வந்ததும், வீட்டுக்காரர் வாசலுக்கு முன்னால் மட்டமான இடத்தில் நிறுத்தச் சொன்னார். அவர் இறங்கிப்போய்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

"ஆஃப் பண்ணிட்டு, நீ மட்டும் எடு பாப்போம்."

எடுத்தேன். சாவியைத் தொட்டதும் பற்றியது.

"இன்னொரு தரம்."

எடுத்தேன். சோறு வடிக்கவேண்டும், துணி ஊறிக்கொண்டிருக்கிறது, இவருக்கு விளையாட்டு.

"இன்னும் ஒரே ஒரு தரம்."

"போதும்ங்க. எனக்கு வேல இருக்கு. என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவர் நிதானமாகத்தான் சொன்னார். "இம்புட்டு நாளும் நான் கல்ல எடுத்து விட்டாத்தானே நீ வண்டி எடுக்க முடிஞ்சுது. எனக்கு அப்புறம் யாரு எடுத்து விடுவா? இனிமே நீ தனியாவே எங்க வேணும்னாலும் போகலாம். அதுக்குத்தான் இந்தப் பாடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாதக்கணக்காக என் உயிரை வாங்கியது இதற்குத்தானா? இறங்கிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"நான் இந்த வண்டிய எடுக்கிறதே உங்களக் கூட்டிட்டுப் போகத்தான். நீங்க இல்லாட்டி நான் இத எடுத்துக்கிட்டு எங்க போறது?"

அதை மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.