மேடேறிய சொட்டு

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். மேசை, தராசு, கருவி எதுவானாலும் அதன்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நட்ட நடுவில் நின்றால்தான் வேலை தொடங்க விடுவார். இருபத்தாறு வருடமாக இதுதான் உத்தியோகம். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே இடம் இதுதான் என்பாள் மனைவி. வீட்டில் அதே வேலையைச் சும்மாவே செய்தார். மகள் கணக்கில் தொண்ணூறு வாங்கி வந்தபோது விடைத்தாளைத் திரும்பக் கூட்டி, எண்பத்தெட்டுதான் என்று கண்டுபிடித்து, பள்ளிக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தவர். மகள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய், தண்ணீர் தானாக நடக்கிறது என்று டீச்சர் சொன்னாள்.

டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவள். விரல் நீளத்துக்கு ஒரு தகடு செய்திருந்தாள். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி மேடுகள். இடது ஓரத்தில் விலகி விலகி, வலப்பக்கம் போகப் போக நெருக்கமாக. இடது ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால், யாரும் தள்ளாமல் அது வலப்பக்கம் ஓடிப்போய் நின்றது. தகடு கேமராவுக்கு அடியில் மேசையோடு இறுக்கப்பட்டிருந்ததால் திருப்பிப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை.

“நெருக்கமா இருக்கிற பக்கம் தண்ணி நல்லா ஒட்டுது அண்ணா. அந்த ஒட்டுதான் இழுக்குது.”

“இழுக்கும், இழுக்கும்,” என்றார் ரசமட்டம்.

மின்விசிறியை நிறுத்தினார், சொட்டு ஓடியது. அவள் மூச்சுக்காற்றுதான் தள்ளுகிறது என்று முகத்தில் துணி கட்டச் சொன்னார். சிரித்துக்கொண்டே கட்டினாள், அப்போதும் ஓடியது. மேசைக்கு அடியில் புகுந்து தேடினார். தலையில் இடித்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் பாக்கி இருந்தது மேசை ஒன்றுதான். அது அவரே மட்டம் பார்த்து வைத்த மேசை. அதைச் சந்தேகப்பட்டால் தன்னையே சந்தேகப்பட்ட மாதிரி. ஆனாலும் பட்டார்.

வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வரும் நாளும் வந்தது. அவர் ஒப்புக்கொண்டால் டீச்சருக்கு இன்னும் இரண்டு வருடம் கிடைக்கும். இல்லாவிட்டால் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ரசமட்டம் காலையில் அவளுக்கு முன்னாலேயே வந்து, மேசையின் வலப்பக்கக் கால் திருகுகளை இரண்டு சுற்று ஏற்றிவிட்டார். இப்போது வலப்பக்கம் மேடு. எங்கே, ஏறு பார்க்கலாம் என்று ஒரு சொட்டு விட்டார். ஏறியது. இன்னொன்று விட்டார். அதுவும் ஏறியது.

வேறு யாராயிருந்தாலும் அந்த இடத்தில் டீச்சரை நம்பியிருப்பார்கள். இவர் தன் கையிலிருந்த ரசமட்டத்தைச் சந்தேகப்பட்டார். மேசை உண்மையில் சாயவே இல்லையோ? வேறொரு மட்டத்தை வைத்துப் பார்ப்போம் என்று சாமான் அறைக்குப் போய்த் துழாவிவிட்டுத் திரும்பினால், உள்ளே டீச்சரும் மதிப்பீட்டாளரும் நின்றிருந்தார்கள். மதிப்பீட்டாளர் தன் பையிலிருந்து சொந்த ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். குமிழி ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

“மேசையே சாஞ்சிருக்கு. சாஞ்ச மேசையில தண்ணி ஓடுறதைப் பார்க்கவா என்னைக் கூப்பிட்டீங்க?” என்று மதிப்பீட்டாளர் நோட்டை மூடினார்.

டீச்சர் குனிந்து மேசைக் கால்களைப் பார்த்தாள். நேற்று மட்டமாகத்தான் இருந்தது என்று ரசமட்டம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபத்தாறு வருடப் பெயர் தப்பிவிடும். பழி அவள் தலையில் விழும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கேவலமான ஆசைதான், விழுங்கினார்.

“நான்தான் சார் திருகினேன். இவங்க மேல சந்தேகம்.”

மதிப்பீட்டாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இவங்களைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கிறீங்களா?”

உண்மையைச் சொல்லியும் எதிரே இருப்பவர் நம்பாவிட்டால் எப்படி இருக்கும் என்று ரசமட்டத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

“என்னை நம்ப வேண்டாம் சார். குமிழி எந்தப் பக்கம் நிக்குது? வலது பக்கம். அப்போ மேடு அந்தப் பக்கம்தானே? இப்போ ஒரு சொட்டு விடுங்க.”

மதிப்பீட்டாளர் தன் கையாலேயே விட்டார். சொட்டு கொஞ்சம் தயங்கிவிட்டு, குமிழி நின்ற பக்கமே மேடேறிப் போனது. இன்னும் நான்கு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, மட்டமான மேசையில் காட்டியிருந்தால் ஒரு மணி நேரம் குடைந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அவர் போனபின் டீச்சர் தகட்டைத் துடைத்தாள்.

“இத்தனை மாசமா நான் ஏமாத்துறேன்னுதான் நெனச்சீங்களா அண்ணா?”

“ஆமா,” என்றார். பொய் சொல்ல வரவில்லை.

அவள் கோபப்படவில்லை. சாப்பிடப் போகும்போது மட்டும், அதுவரை திறந்தே கிடந்த தன் அலமாரியைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.