செஞ்சிக் கோட்டையில் தீர்ந்த ஒரு பாப்புவா மொழிச் சிக்கல்

திங்கட்கிழமை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை நான் செஞ்சிக்கு பஸ் ஏறினேன். பொறுப்பில்லாதவள் என்று திட்டாதீர்கள். நியூகினித் தீவின் பாப்புவா மொழிகளில் எது எந்தக் குடும்பம் என்று பிரிப்பதுதான் என் வேலை. அதில் ஒரு சின்ன மொழி நாலு மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அப்பா, மாமன் போன்ற உறவுச்சொற்கள் கடற்கரை மொழிகளைப் போலவே இருந்ததால் அதை அந்தக் குடும்பத்தில் சேர்த்திருந்தேன். "மற்றது எதுவும் பொருந்தலையேம்மா, இது நிக்காது" என்று என் பேராசிரியர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது முறையும் திரும்பினால் ஒரு வருடம் போச்சு. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி, திண்டிவனம் வழியாக 9.40க்கு இறங்கினேன். நிலையத்திலிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய். ஓட்டுநர் செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்துக்காரர். பாதி வழியில் போன் வர, ஓரங்கட்டினார்.

"நைனா, சாப்டியா? மாத்திர போட்டுக்கினியா?"

படித்த மண்டைக்கனம் சும்மா இருக்குமா? "வீட்ல தெலுங்கு பேசுவீங்களாண்ணா?" என்றேன்.

"தெலுங்கா? இன்னா மேடம் நீங்க! எனக்கு ஒரு வார்த்த வராது. எங்க பக்கம் அப்பான்னா நைனாதான். அதுக்குன்னு நான் தெலுங்குக்காரன் ஆயிடுவனா?"

அசடு வழிந்தேன். அடுத்த நிமிடமே உறைத்தது. ஒரே சொல்லை வைத்து இவரைத் தெலுங்கர் ஆக்கிய அதே புத்திதானே அந்த மொழியையும் கடற்கரைக்குத் தள்ளியது! பக்கத்து மொழியிலிருந்து உறவுச்சொல் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். 'நான்', 'நீ' எல்லாம் அவ்வளவு சுலபத்தில் மாறாது. (தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பமாயிற்றே என்று சண்டைக்கு வராதீர்கள். சொந்தத்துக்குள்ளும் இரவல் உண்டு.)

கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்கு ஒன்றரை மணி நேரம். மூச்சு வாங்க உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். உறவுச்சொற்களை நீக்கிவிட்டு 'நான், நீ, நாம், நீங்கள்' நான்கையும் அதே தீவின் மலைப்பகுதி மொழிகளோடு வைத்துப் பார்த்தேன். நான்கும் பொருந்தின! வினைச்சொல் விகுதிகளும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. நான் போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்த குரங்கு ஓடியே போய்விட்டது. அங்கிருந்தே பேராசிரியருக்கு அட்டவணையை அனுப்பினேன்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் உச்சிக்கு விடமாட்டார்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். தின்பண்டம் கையில் தெரியக்கூடாது, குரங்கு பிடுங்கிவிடும். ஊர்க்காரர்களிடம் வாயைக் கொடுங்கள். அசடு வழிந்தாலும் நஷ்டமில்லை.

திரும்பும் வழியில், திண்டிவனத்தில் பஸ் நின்றபோது பேராசிரியரின் பதில் வந்தது: "இது நிக்கும். இனிமே கை வைக்காதே."