ஈயின் இறக்கையில் என் பென்சில்

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்காரர் போட்டோ பிடிப்பார். படம் பதிகிற கண்ணாடித் தகட்டில் பென்சில் பூசி ஆட்களை அழகாக்குவது என் வேலை. பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்துவிடும். அம்மைத் தழும்பு, மரு எல்லாம் போய்விடும். படத்தைப் பார்த்து, "அப்படியே நான்தான்" என்று பூரிப்பார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

எங்களுக்குப் பால் ஊற்றுகிறவளின் மகளை ஒருமுறை, புது லென்ஸைச் சோதிக்கப் படம் பிடித்தோம். முகமெல்லாம் தழும்பு. மூன்று நாள் உட்கார்ந்து பூசினேன். படத்தைத் தாய் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போனாள். நன்றியில் வாயடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுவருஷம் அந்தப் பெண் காலராவில் போய்விட்டாள். தாய்க்கு மிஞ்சியது பாளையங்கால்வாய்க் கரையில் ஓர் எருமைத் தொழுவம்தான்.

தொழுவத்தை ஒட்டி ஜட்கா வண்டிகள் நிற்கும். குதிரைகளை ஏதோ ஓர் ஈ ரத்தம் வரக் கடித்தது. எருமைச் சாணத்தில் பிறக்கிற ஈதான் என்றார்கள் வண்டிக்காரர்கள். சாணத்து ஈ என்றால் தொழுவத்தைப் பிரிக்க வேண்டும் என்றது முனிசிபாலிட்டி. கால்வாய்ச் சேற்றில் பிறப்பது என்றால் அவள்மேல் குற்றமில்லை. மாட்டு டாக்டர் பிடித்து வைத்த ஈக்களை எறும்பு தின்றுவிட்டதாம். மிஞ்சிய ஒன்று தபாலில் நொறுங்கிவிடும் என்று எங்களிடம் கொண்டுவந்தார், படம் பிடித்து வடக்கே பூச்சி நிபுணருக்கு அனுப்ப.

என் வீட்டுக்காரர் காமிராவின் துருத்தியை முழுக்க இழுத்து, ஈயைப் பெரிதாகப் பிடித்தார். தகடு என்னிடம் வந்தது. இறக்கையில் திட்டுத் திட்டாக என்னவோ. தூசி என்று நினைத்தேன். என் கை சும்மா இருக்குமா? பூசிவிட்டேன்.

சாணத்து ஈ என்று பதில் வந்தது. இரண்டே நாளில் தொழுவத்தைப் பிரித்தார்கள். எருமைகள் மழையில் புளியமரத்தடியில் நின்றன.

அடுத்த வாரம் துணி காயப்போடும்போது என் கையில் சுருக்கென்று ஓர் ஈ கடித்தது. அடித்தேன். அதன் இறக்கை முழுக்கப் புள்ளி. தூசி என்று நான் பூசி மறைத்தது இதைத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"சும்மா கெட. வெளிய தெரிஞ்சா எவன் இங்கன படம் பிடிக்க வருவான்?" என்றார் வீட்டுக்காரர்.

"வராட்டிப் போறான்" என்றேன். டர்பன்டைன் நனைத்த பஞ்சால் தகட்டைத் துடைத்தேன். புள்ளிகள் திரும்பி வந்தன. புதுப் படத்தை நானே டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனிதர் கத்தித் தீர்த்தார், ஆனால் அனுப்பினார். சேற்று ஈதான் என்று பதில் வந்தது. தொழுவத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ள அனுமதியும் கிடைத்தது.

அதைச் சொல்லப் புளியமரத்தடிக்குப் போனேன். பென்சிலையும் பஞ்சையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. ஈரத்தில் நின்ற எருமையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"தொடச்சா பழசு அப்படியே வந்துருமாம்மா?"

"வந்துரும்."

"எம்மவ தகடு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதையும் தொடச்சுத் தாங்கம்மா. வீட்டுல மாட்டியிருக்கது யாரோ ஒரு பிள்ள."