ரோபோக்களின் மார்பில் எழுதிய பெயர்

ஓசூர் தொழிற்பேட்டையில் நானும் ராயக்கோட்டை பாஷாவும் ஒரே அறையில், ஒரே பாயில் மாறி மாறித் தூங்கினோம். எனக்குப் பகல் ஷிப்ட், அவனுக்கு இரவு. கம்பெனியில் சங்கம் இரண்டாக உடைந்து, ஆளுக்கொரு பக்கம் போனதும் எங்களுக்குள் பேச்சு நின்றது.

பழைய பேப்பர் கடையில் அவன் வாங்கிய காமிக்ஸ் ஒன்று தலைமாட்டில் கிடக்கும். இரண்டு ரோபோ படைகள் ஏதோ ஒரு கிரகத்தில் ஓயாமல் மோதும் கதை. படித்தபடியே தூங்கிவிடுவேன். கனவில் எங்கள் தொழிற்பேட்டைச் சாலையின் பனிக்குள் இரும்பு மனிதர்கள் சத்தமில்லாமல் நடப்பார்கள். ஒருநாள், நல்ல ரோபோக்களின் மார்பில் எங்கள் சங்கத்தின் பெயரையும் கெட்டவற்றின் மார்பில் அவன் சங்கத்தின் பெயரையும் பேனாவால் எழுதினேன். அவன் பார்க்கட்டும் என்றே எழுதினேன்.

மறுநாள் மாலை, வழக்கமாக நான் வருமுன் வெளியே போய்விடும் பாஷா, புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"டேய், இந்தக் கொம்பு உடைஞ்சவன் முந்தின பக்கத்துல உங்காளு. இங்க எங்காளுன்னு எழுதி வெச்சிருக்கே. கண்ணு தெரியலியா?"

கறுப்பு வெள்ளை அச்சில் எல்லா ரோபோவும் ஒன்றுபோலவே இருந்தன. அவன் காட்டிய படத்தில், கொம்பு உடைந்தது அடிபட்ட ஒன்றைத் தூக்கி வந்தது. அடிபட்டதன் மார்பில் எங்கள் சங்கம்.

"தூக்கறவன் நானு, தொங்கறவன் நீயி. அதுமட்டும் சரியா எழுதிருக்கே," என்று சிரித்தான்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் ஷிப்டுக்குக் கிளம்பியபோது, எங்கள் சங்கத்து ஆட்கள் கொடியோடு நின்ற கம்பெனி கேட் வரை கூடவே நடந்தேன்.

"திரும்பிப் போடா, உன்னப் பேசுவாங்க."

"பேசட்டும்."

பெயர் எழுதும் அவசரத்தில் நான் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை என்பது அந்த நடையில்தான் உறைத்தது.