பாரிசில் தார்ப்பாய் இழுத்த கதை

பாரிசில் செம்மண் தரையில் நடக்கும் அந்தப் பெரிய டென்னிஸ் போட்டிக்குத் தேதி குறித்தவர்களுக்கு உப்பளம் பற்றி ஓர் எழவும் தெரியாது. தெரிந்திருந்தால் மே மாதக் கடைசியிலா வைப்பார்கள்? எங்களுக்கு உப்பு நன்றாக விளைகிற நேரமே அதுதான். ஆறுமுகநேரியில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஓர் உப்பளம் நடத்துகிறோம். பகலெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு, சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து அந்தப் போட்டியைப் பார்ப்பது என் இருபது வருடப் பழக்கம்.

எல்லோரையும் பார்க்க மாட்டேன். ஒருத்தியைத்தான். பத்தொன்பது வயதில் அவள் முதன்முதலாக ஆடிய நாளிலிருந்து எனக்கு அவள்மேல் பைத்தியம். பெரிய கோப்பை எதையும் அவள் தூக்கியதில்லை. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அத்தோடு மூட்டை கட்டிவிடுவாள். ஆனாலும் எட்டவே எட்டாத பந்துக்கும் விழுந்தடித்து ஓடுவாள். அதைப் பார்த்து நான் சோபாவில் எழுந்து நின்று கத்துவேன். போன வருடக் கடைசியில், வரப்போகிற வருடத்தோடு ஆட்டத்தை விடுவதாக அவள் சொல்லிவிட்டாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "போய்ப் பாத்துட்டுத்தான் வாயேன். ஒரு வாரம் அளத்த நான் பாத்துக்கிடுதேன். அக்காவக் கூட்டிட்டுப் போ, அவளுக்கு இங்கிலீஷ் வரும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பீரோவில் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அவருடைய அக்கா, என் மைனி, சாத்தான்குளத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். டென்னிஸில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வார். எங்களுக்கு டிக்கெட் கிடைத்தது ஒரே ஒரு நாளைக்கு. என் ஆள் அன்றைக்கு ஆடுவாளா என்பது முந்தின நாள்தான் தெரிந்தது. ஆடுகிறாள்! ஓட்டல் அறையில் கட்டில்மேல் ஏறிக் குதித்தேன், ஐம்பத்து மூன்று வயதில். மைனி தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் ஆட்டத்தை ஒரு சின்ன கோர்ட்டில் போட்டிருந்தார்கள். காலையிலேயே போய் முதல் வரிசையில் இடம் பிடித்தோம். முன்னால் இடுப்பளவு சுவர், அதற்கு அந்தப் பக்கம் சிவப்பாகத் தரை. மைனி எட்டிப் பார்த்தார்.

"ஏளா, இது நம்ம ஊருத் தேரிக்காட்டுச் செம்மண்ணுல்லா! இதப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தோம்?"

மூன்றாவது ஆட்டமாக அவள் வந்தாள். டிவியில் பார்த்ததைவிடக் குட்டை. முதல் செட் போயிற்று. இரண்டாவதைப் பிடித்துவிட்டாள். நான் கத்திய கத்தில் பின்வரிசைக்காரர் மிட்டாய் நீட்டினார். மூன்றாவது செட் சமமாகப் போய்க்கொண்டிருக்கும்போது என் மூக்கின்மேல் ஒரு துளி விழுந்தது.

ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆட்டக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஜனம் குடையைத் தேடியது. தரையைப் பராமரிக்கிற எட்டுப் பேர் ஓடிவந்து பெரிய தார்ப்பாயை விரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. எங்கள் பக்கத்து மூலை கையை விட்டுப் பறந்தது.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் கால்தான் பொறுப்பு. உப்பளத்தில் முதல் துளி விழுந்தால், உப்புக் குவியலை மூட முதலாளி, வேலையாள், வந்த விருந்தாளி எல்லோரும் ஓட வேண்டும். கல்யாணமான மூன்றாம் நாள் பட்டுச்சேலையோடு தார்ப்பாய் இழுத்தவள் நான். சுவரைத் தாண்டியதே எனக்குத் தெரியாது. பறந்த மூலையைப் பிடித்து, அதன்மேலேயே சப்பென்று உட்கார்ந்துவிட்டேன். வாய் சும்மா இருக்குமா?

"ஏலே, காத்துப் பக்கத்த மொதல்ல அமுக்குங்கலே! அந்தப் பக்கம் ஏன் போறிய? இங்கன வாங்கலே!"

வந்தார்களே! எட்டு வெள்ளைக்காரர்களும் நான் கை காட்டிய இடத்துக்கு ஓடிவந்து அமுக்கினார்கள். தார்ப்பாய் படிந்தது. கூட்டம் கைதட்டியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு காவலாளிகள் ஆளுக்கொரு கையாக என்னைப் பிடித்தார்கள்.

கீழே ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். மைனி கைப்பையை அணைத்தபடி பின்னாலேயே ஓடிவந்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரிடம் பேசுகிற இங்கிலீஷில் மன்றாடினார். காவலாளி மசியவில்லை. கோர்ட்டுக்குள் இறங்கியவரை வெளியே அனுப்புவதுதான் சட்டமாம். மழை விட்டதும் அவள் மறுபடி ஆடுவாள், அதுவே கடைசியாகவும் இருக்கலாம், நான் தெருவில் நிற்பேன். அதை நினைத்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அப்போது அந்த எட்டுப் பேரின் தலைவர், பெரிய மீசைக்காரர், நனைந்தபடி உள்ளே வந்தார். நான் யார் என்று கேட்டார். மைனி என் போனைப் பிடுங்கி எங்கள் அளத்துப் படத்தைக் காட்டினார். தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல்கள். மீசைக்காரர் படத்தை விரல்களால் பெரிதாக்கி, கயிறு கட்டியிருந்த விதத்தை உற்றுப் பார்த்தார். பிறகு காவலாளியிடம் நெடுநேரம் என்னவோ வாதாடினார்.

"ஏளா, அழாத" என்றார் மைனி. "ஒன்ன சீட்டுக்கு விட மாட்டாவளாம். ஆனா இவரு பொறுப்புல, கீழ இவரு ஆளுகளோட நின்னு பாக்கலாமாம்."

சீட்டா? சீட்டு யாருக்கு வேண்டும்! நனைந்த சுடிதாருக்கு மேல் அவர்களுடைய பச்சைச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். சுருட்டிய தார்ப்பாய் பக்கத்தில், தரையோடு தரையாக நின்றேன். அவள் சறுக்கி வரும்போது மண் என் செருப்பில் வந்து விழுந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கத்தக் கூடாது என்று சொல்லியிருந்ததால் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஏழு-ஐந்தில் தோற்றாள்.

எதிராளியைக் கட்டிப்பிடித்து, கூட்டத்துக்குக் கையசைத்து, அழுதுகொண்டே எங்கள் பக்கம் வந்தாள். தரைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். எட்டு முடிந்து ஒன்பதாவதாக நான். என் கையைப் பிடித்தவள் குனிந்து பார்த்தாள். முப்பது வருட உப்புத் தண்ணீரில் வெடித்த கை, நகமெல்லாம் சிவப்பு மண். என்னையும் அந்த வேலையாட்களில் ஒருத்தி என்றே நினைத்துவிட்டாள். இத்தனை வருடம் தனக்காக இந்தத் தரையைத் தயார் பண்ணியதற்கு நன்றி என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள். அந்த அளவு எனக்கும் புரியும்.

உன்னைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அவள் கையை விடாமல், "இருக்கட்டும்மா" என்று மட்டும் சொன்னேன்.