பெட்டியில் வந்த குளிசை

கிண்ணியாவில் ஹுஸ்னியாவை வாய்க்காரி என்பார்கள். வாய் நீளம்தான், கையும் அதே அளவுக்குத் தாராளம். மொசாம்பிக்கில் வீதி போடும் கம்பனியில் வேலை செய்யும் அவள் கணவன் முனாஸ் லீவில் வந்து பெட்டி திறந்தால், சவர்க்காரம், தைலம், குளிசை என்று அயல் முழுக்கப் பங்கு போகும். அரசாங்க ஆசுபத்திரி சும்மா கொடுக்கிற குளிசையை அலட்சியமாகப் பார்க்கிற அயல், பெட்டியில் வந்த குளிசை என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்.

இந்த முறை வந்தது மலேரியாக் குளிசை. அங்கே காய்ச்சல் கண்டபோது முனாஸ் சந்தைக் கடையொன்றில் வாங்கியது. ஒரு பெட்டிக் குளிசையை விழுங்கி, காய்ச்சல் தணிந்ததும் விமானம் ஏறிவிட்டான். மிச்சத்தில் ஒரு மட்டையை அலுமாரியில் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதே கம்பனிக்குப் புறப்பட்ட தன் தம்பி நிப்றாஸின் பையில் ஹுஸ்னியாவே துவா ஓதி வைத்தாள்.

தம்பி போன மறுவாரம் முனாஸுக்கு மறுபடியும் குளிர்க்காய்ச்சல்.

“ஆசுபத்திரிக்குப் போவம், எழும்புங்க.”

“மலேரியாக்கு முழு மருந்தும் போட்டுட்டன். இது வேற காய்ச்சல். சும்மா கத்தாத.”

அன்றைக்குக் கத்தாமல் விட்டதுதான் அவள் செய்த பிழை. ஆள் அடையாளம் தெரியாமல் அவன் பிதற்றத் தொடங்கியதும் ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். இரத்தத்தில் மலேரியா. நாடே பாடுபட்டு ஒழித்த நோய், மருந்து போட்டாயிற்று என்ற தைரியத்தில் அவள் வீட்டுக்குள்ளேயே படுத்திருந்திருக்கிறது. சுகாதாரப் பகுதியினர் வந்து நுளம்புக்கு மருந்து அடித்தார்கள். அயலில் எல்லோரிடமும் இரத்தம் எடுத்தார்கள். அவள் கையால் பங்கு வாங்கிய பெண்களே வேலிக்கு அப்பால் நின்று முணுமுணுத்தார்கள்.

முனாஸ் பிழைத்தான். அவள் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த மட்டையைச் சோதனைக்கு அனுப்பியிருந்த டொக்டர் வாட்டுக்கு வந்து சொன்னார்:

“இதில மருந்தே இல்லை, தங்கச்சி. வெறும் மா. மலேரியாக் காய்ச்சல் இடையில தானாத் தணிஞ்சு திரும்ப வரும்.”

ஹுஸ்னியாவுக்கு உச்சந்தலை பற்றியெரிந்தது. மா! சாகக் கிடக்கிறவன் வாயில் மாவைத் திணித்துக் காசு பறிக்கிறவனெல்லாம் மனிதனா? கத்தியோடு வருகிற கள்வனிடமிருந்து ஓடியாவது தப்பலாம். இவனை நாமே தேடிப்போய், காசு கொடுத்து, அவன் தருவதைப் பிஸ்மி சொல்லி விழுங்குகிறோம். அப்போதுதான் தம்பியின் பை நினைவுக்கு வந்தது. நின்ற இடத்திலேயே போன் எடுத்து, உடம்பு எப்படி என்று தம்பியிடம் கேட்டாள்.

“காய்ச்சல்தான் ராத்தா. பயப்படாதீங்க, மச்சான்ட குளிசை போட்டுட்டுத்தான் இருக்கன்.”

“அத வீசுடா! மருந்தில்ல, மாவுடா அது! இப்பவே ஆசுபத்திரிக்குப் போ!”

சத்தம் போடவேண்டாம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஹுஸ்னியா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“என்னடா, கேக்குதா?”

“அறையில என்னோட இருந்த ஹஸ்மிக்கும் குடுத்தனான் ராத்தா. ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்டவன, இது ஊரிலயிருந்து வந்த நல்ல மருந்தெண்டு நான்தான் மறிச்சன். நேத்து அவன அடக்கம் செஞ்சம்.”

அழுவதற்கு ஹுஸ்னியா அவனை விடவில்லை. ஆசுபத்திரியில் இரத்தம் எடுக்கும்வரை போனை வைக்கவிடாமல் ஏசிக்கொண்டே இருந்தாள்.

நிப்றாஸ் தப்பிவிட்டான். அந்தச் சந்தைக் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறதாம். அதே குளிசைப் பெட்டியைத்தான் விற்கிறார்களாம்.